கனடாத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: காசோலையோடு ஆட்களையும் அனுப்புங்கள்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் நிர்வாக சபைகள், தேவாலயத் தமிழ்க் குழுக்கள், வர்த்தகர் அமைப்புகள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நேரே விடயத்துக்கு வருகிறேன். உங்கள் ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் பொறுமையும் முதிர்ச்சியும் உள்ள நாலைந்து பேரைத் தெரிந்தெடுத்து, பூர்வகுடி மக்களின் அமைப்புகள் இந்த நகரத்தில் நடத்தும் இளையோர் திட்டங்களுக்குத் தன்னார்வ வழிகாட்டிகளாக அனுப்புங்கள். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அனுப்பச் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு பின்னேரம், ஆகக் குறைந்தது இரண்டு வருடம். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வசிக்கிறேன். அப்படியான திட்டம் நடக்கும் ஒரு பூர்வகுடி நிலையத்துக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். அந்த நிலையத்தின் சார்பில் இதை எழுதவில்லை. உங்கள் பொதுக்கூட்டங்களுக்கு வந்து சந்தா கட்டிவிட்டுப் போகும் ஒரு சாதாரண உறுப்பினராகவே எழுதுகிறேன்.

நம்முடைய விழாக்கள் இப்போது நில ஏற்புரையோடு தொடங்குகின்றன. குத்துவிளக்கு ஏற்றி, தேசிய கீதம் பாடி, அகவணக்கம் செலுத்தியபின், நாம் நிற்கும் நிலம் எந்த மக்களுடையது என்று ஒரு பிள்ளை மேடையில் வாசிக்கிறது. வதிவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைத்து செப்டம்பர் 30 ஆம் திகதி செம்மஞ்சள் சட்டை அணிகிறோம். இதெல்லாம் நல்ல பழக்கம். விடக்கூடாது. ஆனால் அதை வாசிக்கும் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரும் ஒரு பூர்வகுடிப் பிள்ளையோடு ஒரு தரமாவது இருந்து கதைத்திருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. நாம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று நினைத்ததாலா இப்படி ஆனது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை, வீட்டுக் கடன், ஊரில் உள்ளவர்களுக்கு உதவி, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிய ஓட்டத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை. இப்போது நேரம் இருக்கிறது. 80களில் வந்தவர்கள் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் தாதிமார்களாகவும் சட்டத்தரணிகளாகவும் இருக்கிறார்கள்.

ஸ்காபரோவில் லோரன்ஸ் வீதியும் பெலமி வீதியும் சந்திக்கும் பகுதிக்குக் கிட்ட, வீடுகளுக்கு நடுவே ஒரு புல்மேடு இருக்கிறது. ரேபர் ஹில் என்று பெயர். 1956 இல் அந்தப் பகுதியில் வீடுகள் கட்ட மண் வெட்டியபோது ஏறத்தாழ 500 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் தங்கள் ஊராரின் எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்த இடம் அது. இன்று அதைச் சுற்றி நம் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. நாம் வீடு வாங்கி, பிள்ளை வளர்த்து, கோயில் கட்டிய இந்த ஊர் ஒருபோதும் ஆளில்லாக் காடாக இருந்ததில்லை.

இன்னுமொன்று. வதிவிடப் பள்ளிகளில் நடந்தவற்றை விசாரித்த உண்மை மற்றும் மீளிணக்க ஆணைக்குழு 2015 இல் 94 செயற்கோரிக்கைகளை முன்வைத்தது. அவற்றின் கடைசி இரண்டும் நம்மைப் போல் வந்து குடியேறியவர்களைப் பற்றியவை. 94 ஆவது கோரிக்கையை ஏற்று 2021 ஜூனில் குடியுரிமைச் சத்தியத்தின் வாசகம் மாற்றப்பட்டது. பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் உறுதிப்படுத்தும் அரசியலமைப்பைப் பின்பற்றுவேன் என்று, அதற்குப் பின் குடியுரிமை எடுத்த நம்மவர் ஒவ்வொருவரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். நானும் நீங்களும் அதற்கு முன்பே எடுத்தவர்களாக இருக்கலாம். அதனால் நமக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது.

சரி, இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது?

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி கனடாவின் மக்கள்தொகையில் பூர்வகுடி மக்கள் 5 வீதம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 7.7 வீதம். ஆனால் பெற்றோரைப் பிரிந்து வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் 53.8 வீதமானவர்கள் பூர்வகுடிப் பிள்ளைகள். பாதிக்கும் மேல்! இளையோர் சீர்திருத்த சேவைகளிலும் இதே கதைதான். 2018–19 இல் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 43 வீதமானவர்கள் பூர்வகுடி இளையோர். இளையோர் தொகையிலோ அவர்கள் ஏறத்தாழ 9 வீதம் மட்டுமே.

இந்த எண்களைப் பார்த்து "அந்தச் சனம் பிள்ளை வளர்க்கத் தெரியாத சனம்" என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கல்யாண மண்டபச் சாப்பாட்டு மேசையில் என் காதால் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நூறு வருடங்களுக்கு மேலாக, அரசு பணம் கொடுக்க, தேவாலயங்கள் நடத்திய வதிவிடப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் பலவந்தமாக. தாய்மொழி பேசினால் அடி. முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அங்கேயே இறந்தார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 90களின் பிற்பகுதியில். அப்போது நாம் ஏற்கெனவே ஸ்காபரோவில் கடை போட்டிருந்தோம். அந்தப் பள்ளிகள் குறையத் தொடங்கிய 60களில், சமூகநலத் திணைக்களங்கள் பிள்ளைகளை எடுத்து வெள்ளையினக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கத் தொடங்கின. தலைமுறை தலைமுறையாகத் தாயின் மடியில் வளர விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று பழி சொல்வது எந்த நியாயம்?

சேனி வென்ஜாக் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 12 வயதுப் பிள்ளை. 1966 ஒக்டோபரில் கெனோராவில் இருந்த வதிவிடப் பள்ளியிலிருந்து வெளியேறி, ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவில் இருந்த தன் வீட்டுக்கு ரயில் தண்டவாளம் வழியே நடக்கத் தொடங்கினான். மெல்லிய ஒரு மேலங்கி. சிறிய கண்ணாடிப் போத்தல் ஒன்றில் சில தீக்குச்சிகள். குளிரிலும் பசியிலும் வழியிலேயே இறந்துபோனான்.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். வட ஒன்ராறியோவில் விமானத்தில் மட்டுமே போகக்கூடிய பூர்வகுடி ஊர்கள் நிறைய உண்டு. நெஸ்கன்ராகா என்ற ஊரில் 1995 இலிருந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க முடியவில்லை. அந்த ஊர்களில் பலவற்றில் முழுமையான உயர்பள்ளி கிடையாது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் 13, 14 வயதுப் பிள்ளை தாய்தகப்பனை விட்டு விமானம் ஏறி, தண்டர் பே போன்ற நகரத்துக்குப் போய், முன்பின் தெரியாத வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். 2000 க்கும் 2011 க்கும் இடையில் அப்படி வந்த ஏழு மாணவர்கள் தண்டர் பேயில் இறந்தார்கள். ஐந்து பேரின் உடல்கள் நகரத்து ஆறுகளிலிருந்து எடுக்கப்பட்டன. ஏழு பேரில் மூவருக்கு வயது 15. மரண விசாரணைச் சபை 2016 இல் 145 பரிந்துரைகளைச் சொன்னது. அந்தப் பிள்ளைகளின் பள்ளியில் வேலை செய்தவர்கள் இரவு நேரங்களில் வான் வண்டிகளில் ஊரெல்லாம் சுற்றி, ஆற்றங்கரைகளில் பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குக் கூட்டிவந்துகொண்டிருந்தார்கள். சில பெரியவர்கள், ஒரு நகரம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

வன்னியிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் பிள்ளைகளைத் தனியாக வெளியே அனுப்பிய பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? இந்த இடத்தை வாசிக்கும்போது உங்களுக்கு வயிறு கலங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே, ரொறன்ரோவில், நிலைமை வேறு வடிவத்தில் இருக்கிறது. நிலையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பெடியனைப் பற்றிச் சொல்கிறேன். ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய விபரம் எதையும் எழுதமாட்டேன். உயர்பள்ளி கடைசி வருடம். வலை கட்டிய கோலால் பந்து பிடித்து எறிந்து ஆடும் லக்ரோஸ் விளையாடுவான். அவனுடைய அணி அமெரிக்காவில் உள்ள பஃபலோவுக்குப் போட்டிக்குப் போக இருந்தது, அதனால் கடவுச்சீட்டு வேண்டும். படிவத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நிரப்பத் தொடங்கினோம். பிறப்புச் சான்றிதழ் ஒரு வழியாக வந்திருந்தது. படம் எடுத்தாயிற்று. உத்தரவாதி என்ற பகுதிக்கு வந்தோம். கனடாக் கடவுச்சீட்டு உள்ள ஒருவர், உங்களைக் குறைந்தது இரண்டு வருடமாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அவன் பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். சமூகப் பணியாளர் அந்த வருடம்தான் மாறியிருந்தார். வளர்ப்பு வீடு அதற்கு முந்தைய வருடம் மாறியிருந்தது. வீடு மாறினால் பள்ளியும் மாறும், பள்ளி மாறினால் பயிற்சியாளரும் மாறுவார். எனக்கு அவனைத் தெரிந்து சில மாதங்கள்தான். "ரெண்டு வருசமா ஒரே ஆளா?" என்று கேட்டான். கோபமோ அழுகையோ இல்லாமல், பேருந்து நேரம் விசாரிப்பதுபோல ஒரு குரலில். உத்தரவாதி இல்லாதவர்களுக்கு வேறு படிவம் ஒன்று உண்டு. அதைச் சத்தியக் கடதாசியாக முடித்துக் கொடுக்கலாம். அதற்கும் ஓடித் திரிய ஒரு பெரியவர் வேண்டும். கடைசியில் அவன் சின்ன வயதில் படித்த பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்தோம். அவர் அவனை மறக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அவன் போட்டிக்குப் போனான்.

இரண்டு வருடம் நிற்கக்கூடியவர்களை அனுப்புங்கள் என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம். ஒன்ராறியோவில் இப்படியான பிள்ளைகளுக்கு 18 வயதானதும் அரசின் பராமரிப்பு முடிகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தின்படி 23 வயது வரை பண உதவி கிடைக்கிறது. நல்ல மாற்றம், பல வருடம் போராடிப் பெற்றது. ஆனால் முதல் வாடகை ஒப்பந்தத்தை வாசித்து இதில் கையெழுத்து வைக்காதே என்று சொல்ல, கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் திகதியை நினைவுபடுத்த, பல்லுக் கொதிக்கும்போது எந்த மருத்துவரிடம் போவது என்று கேட்க, பரீட்சையில் கோட்டைவிட்ட அன்று ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருக்க, மாதப்பணம் உதவாது. நம் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் மாமா, சித்தி, அத்தான் என்று ஒரு படையே இருக்கிறது. அவர்களின் படையைக் கலைத்தது அரசு.

இந்த வேலை நமக்குப் புதிதல்ல என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். 80களில் தனியாக வந்திறங்கிய நம் பெடியன்கள் வெலஸ்லி, பார்லிமென்ட் பகுதியில், செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் ஒரு அறையில் ஏழெட்டுப் பேராக இருந்த காலம் உங்களுக்குத் தெரியும். முன்பு வந்த ஒரு அண்ணா அகதி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். இன்னொருவர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலைக்குக் கூட்டிப்போனார். குளிர்சட்டை எங்கே மலிவு, எந்தச் சட்டத்தரணி நம்பிக்கையானவர், அம்மாவுக்கு எப்படித் தொலைபேசி எடுப்பது என்பதெல்லாம் அந்த அண்ணாமார் சொல்லித் தந்தவைதான். யாரும் அதற்குத் தன்னார்வத் தொண்டு என்று பெயர் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு 90களில் ஸ்காபரோவில் நம் இளைஞர்களே குழுக்களாகப் பிரிந்து வெட்டியும் சுட்டும் செத்தார்கள். பத்திரிகைகள் தமிழ்ப் பிள்ளைகள் என்றாலே கும்பல் என்று எழுதின. பொலிஸ் நம் பிள்ளைகளைத் தெருவில் மறித்து விசாரித்தது. அந்த நேரம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நம் இளையவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, கனேடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையம் போன்ற அமைப்புகளைத் தொடங்கினார்கள். வீட்டுப்பாடத்துக்கு உதவினார்கள், பெற்றோரோடும் பள்ளியோடும் கதைத்தார்கள், நீதிமன்றத்துக்குக் கூடப் போனார்கள். அன்று அப்படிக் காப்பாற்றப்பட்ட பலர் இன்று உங்கள் நிர்வாக சபைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். தவறான வழிக்குப் போகவிருந்த ஒரு 16 வயதுப் பிள்ளையை எது திருப்பியது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு பேச்சு அல்ல, ஒரு கருத்தரங்கு அல்ல, திரும்பத் திரும்ப வந்த ஓர் ஆள்.

இப்போது எப்படிப் போக வேண்டும் என்பதைக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிக்க வேண்டும்.

நாம் சொந்தமாக ஒரு திட்டம் தொடங்கக்கூடாது. பெயர்ப்பலகை, தொடக்க விழா, பிரதம விருந்தினர் எதுவும் வேண்டாம். "உங்கள் நன்மைக்காக" என்று சொல்லிக்கொண்டு வெளியார் வந்ததன் விளைவைத்தான் அந்த மக்கள் இன்றும் சுமக்கிறார்கள். அவர்களே நடத்தும் திட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்பதைனா வீதியில் இருக்கும் பூர்வகுடியினர் நிலையம் 1962 இலிருந்து இயங்குகிறது. ஒன்ராறியோ முழுக்க நட்புறவு நிலையங்கள் என்ற பெயரில் பூர்வகுடி நிலையங்கள் 25 க்கு மேல் இருக்கின்றன. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அக்வேகோ என்றும் 13 முதல் 18 வயதுக்கு வாசா-நபின் என்றும் திட்டங்கள் நடத்துகிறார்கள். பிள்ளைகள் நலத்துக்கு அவர்களுக்கே உரிய நிறுவனங்களும் உண்டு. தங்கள் பிள்ளைகளின் நலனைத் தங்கள் சட்டப்படி தாங்களே கவனிக்கும் உரிமையை 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே முடிவு அவர்களுடையது. நாம் கதவைத் தட்டி, என்ன தேவை என்று கேட்டு, சொன்னதைச் செய்ய வேண்டும்.

சில வேளை, வழிகாட்டியாக எங்கள் சமூகத்து ஆட்களையே வைக்கப் போகிறோம் என்று சொல்வார்கள். அது சரியான முடிவு. தன் மக்களின் மொழியும் சடங்கும் தெரிந்த ஒரு பெரியவர் கொடுப்பதை நான் எத்தனை வருடம் போனாலும் கொடுக்க முடியாது. அப்போது வாகனம் ஓட்டவும் சமைக்கவும் கதிரை அடுக்கவும் நாம் போகலாம். ஒரு மூத்தவரிடம் அறிவுரையோ ஆசியோ கேட்கும்போது புகையிலை கொடுப்பது அவர்களில் பலரின் மரபு. நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல. அந்த மரபைக் கேட்டறிந்து நடவுங்கள். மூத்தவர்களின் நேரத்துக்குச் சன்மானம் கொடுக்கக் காசு தேவைப்படும். உங்கள் காசோலை அந்த இடத்தில் நன்றாகப் பயன்படும்.

சமயத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கோயில்காரர்களுக்கும் தேவாலயக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடவுளின் பெயரால் அந்தப் பிள்ளைகளின் பாட்டன்மாருக்கு என்ன நடந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

படம் எடுக்கக்கூடாது. முகநூலில் போடக்கூடாது. ஆண்டு மலரில் அந்தப் பிள்ளைகளின் முகம் வரக்கூடாது.

அப்புறம், உயர்பள்ளி மாணவர்களின் 40 மணிநேரச் சமூகசேவைக் கணக்கை முடிக்க இதைப் பயன்படுத்தக்கூடாது. நம் பிள்ளைகளை அங்கே நண்பர்களாக விளையாட அனுப்புவது வேறு விடயம், அது நல்லது. வழிகாட்டி என்று போகிறவர் வளர்ந்தவராக, பொலிஸ் சரிபார்ப்பு முடித்தவராக, வாக்கைக் காப்பாற்றுபவராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய வழிகாட்டல் திட்டங்களின் தரவுகளை வைத்து கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பிள்ளைகளுக்கு நன்மை தெளிவாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகள் தங்கள்மேல் வைத்திருந்த மதிப்பே குறைந்துபோனது. வந்துவிட்டுப் பாதியில் விடுபவரைவிட வராதவர் மேல். ஏற்கெனவே எத்தனையோ பேர் விட்டுப்போன ஒரு பிள்ளையின் பட்டியலில் நம் பெயரும் சேரக்கூடாது.

உங்கள் கூட்டங்களில் எழக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். "எங்கட பிள்ளையளுக்கே ஆள் காணாது" என்பது முதலாவது. நம் பிள்ளைகளிலும் மனம் சோர்ந்தவர்கள், தனித்துப் போனவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் கிழமைக்கு ஒரு பின்னேரம் வெளியே போகிற ஒருவர் அதனால் வீட்டுப் பிள்ளையை மறந்துவிடமாட்டார். இளையவர்களோடு எப்படிப் பழகுவது என்று அந்த நிலையங்களில் கொடுக்கும் பயிற்சி எனக்கு என் சொந்தப் பிள்ளைகளோடு கதைக்கவே உதவியது. குறுக்கிடாமல் கேட்பது என்பதை நான் அங்கேதான் பழகினேன்.

"அவைக்கு வரியே இல்லை, எல்லாம் சும்மா கிடைக்குது" என்பது இரண்டாவது. இது பிழையான தகவல். வரிவிலக்கு சட்டப்படி பதிவுபெற்ற பூர்வகுடியினருக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட அவர்களின் நிலப்பகுதியில் உள்ள வருமானத்துக்கும் சொத்துக்கும்தான். ஸ்காபரோவில் ஒரு கடையில் வேலை செய்யும் பூர்வகுடி இளைஞரின் சம்பளத்திலிருந்து உங்களுக்கும் எனக்கும் பிடிப்பதுபோலவே வருமான வரி பிடிக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் யாராவது இதைச் சொன்னால், தலைவர் என்ற முறையில் அந்த இடத்திலேயே திருத்துங்கள். இதே மாதிரியான கதைகளை நம்மைப் பற்றியும் இந்த நாட்டில் சொன்னார்கள். 1986 இல் 155 தமிழர் நியூபவுண்லாந்துக் கரைக்கு அருகில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்தபோது என்னவெல்லாம் பேசப்பட்டது என்று மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

மூன்றாவது கேள்வி நியாயமானது. நம் ஆங்கிலம், நம் பழக்கவழக்கம், நாம் போய் என்ன செய்வது? பதில், நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைச் செய்யுங்கள். நம்மிடம் ரியூஷன் வகுப்பு நடத்துபவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு ஒரு பொறுமையான ஆசிரியர் போதும். வாகனம் ஓட்டப் பழக்குபவர்கள் நம்மில் ஏராளம். இங்கே எழுத்துப் பரீட்சை எடுத்துவிட்டு ஓட்டிப் பழக, முழு அனுமதிப்பத்திரமும் நாலு வருட அனுபவமும் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தகப்பனின் கார் இல்லாத பிள்ளை எங்கே போகும்? மின்சார வேலை, குழாய் வேலை, குளிரூட்டி திருத்தும் வேலை செய்பவர்கள் தொழில் பழகுநராகச் சேர வழிகாட்டலாம். முடிந்தால் தங்கள் நிறுவனத்திலேயே சேர்க்கலாம். வருமானவரிப் படிவம் நிரப்பத் தெரிந்த கணக்காளர்கள் மார்ச், ஏப்ரலில் போகலாம். சமைக்கத் தெரிந்தவர்கள் சமைக்கலாம். எங்கள் நிலையத்தில் ஒரு அக்கா கொத்துரொட்டி போட்ட அன்று, வழமையாக வாசலில் நின்றுவிட்டுப் போகும் பிள்ளைகள்கூட உள்ளே வந்து இருந்தார்கள்.

ஆங்கிலம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்தப் பிள்ளைகள் என் உச்சரிப்பைத் திருத்துவார்கள், நான் அவர்களின் பின்னங்களைத் திருத்துவேன். அவர்களில் ஒரு பெண்பிள்ளை பாட்டியின் மொழியான அனிஷினாபேமோவினைச் செயலி ஒன்றில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போவதைச் சொன்னேன். அதற்கு யார் காசு கொடுப்பது, எந்தப் பள்ளிச் சபை இடம் தருகிறது, ஆசிரியர்களை எப்படிப் பிடித்தீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். நம்மிடம் அதற்குப் பதில் இருக்கிறது. பள்ளிச் சபைகளோடு மோதி வகுப்புப் பெற்ற அனுபவம் உங்கள் சங்கங்களில்தான் இருக்கிறது. அவர்கள் விரும்பிக் கேட்டால் அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. உங்கள் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை மணிநேரம் ஒதுக்குங்கள். பூர்வகுடி அமைப்பு ஒன்றிலிருந்து ஒருவரை அழைத்து, அவர் வந்து பேசும் நேரத்துக்குரிய சன்மானத்தையும் கொடுத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். அதன்பின் விரும்பி முன்வருபவர்களின் பெயர்களை எடுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம், இரண்டு வருடம் முடியாது என்பவரை நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். போகிறவர்களுக்குச் சரிபார்ப்புச் செலவு இருந்தால் சங்கம் கொடுக்கட்டும். வாகன எண்ணெய்க்கும் சங்கம் கொடுக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறவர்களை ஒன்றாக இருத்திக் கதையுங்கள், ஏனென்றால் இந்த வேலையில் மனம் கனக்கும் நாட்கள் வரும். ஒரு பிள்ளை திடீரென்று வராமல் விட்டால் அதைத் தனியாகச் சுமப்பது கடினம். கோடைகால ஒன்றுகூடலுக்கும் இரவு விருந்துக்கும் நாம் செலவழிக்கும் தொகையில் ஒரு சிறு பங்கு இதற்கெல்லாம் போதும்.

சில சங்கங்களுக்கு மண்டபம் இருக்கிறது. கிழமை நாட்களில் அது பூட்டிக் கிடக்கிறது. பின்னேரங்களில் இடம் தேடி அலையும் இளையோர் திட்டங்கள் இருக்கின்றன. திறப்பைக் கொடுங்கள், வாடகை கேட்காதீர்கள்.

வதிவிடப் பள்ளிகள் பற்றிய விபரங்களைத் தமிழில் அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்க விரும்பினால் மொழிபெயர்ப்பு வேலையில் நான் சேர்ந்துகொள்கிறேன். வேறு சிலரும் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஜனவரி தமிழ் மரபுரிமை மாதம் வருவதற்குள் அதை முடித்துவிட முடியும். அந்த மாத நிகழ்ச்சிகளுக்கு முன்பே உங்கள் முதல் நாலைந்து பேர் சரிபார்ப்பும் பயிற்சியும் முடித்துவிட்டால், தை பிறந்து பள்ளிகளின் இரண்டாம் தவணை தொடங்கும்போது அவர்கள் வேலையைத் தொடங்கலாம். உங்கள் செயலாளர்கள் பதில் எழுதும்போது இரண்டு விபரம் இருந்தால் போதும்: எத்தனை பேர், கிழமையில் எந்தப் பின்னேரம்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்